உறைநிலம் தந்த சம்மதம்

வடக்கே, ரயில் பாதை “இதற்கு மேல் நம்மால் ஆகாது” என்று நின்றுவிட்ட இடத்தில், ஒரு காலத்தில் இரும்புக் குழாய்கள் மலைமலையாய் அடுக்கிக் கிடந்தன. ஒரு ஆள் குனிந்து உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு பருமன்.

பெரிய காரியத்துக்கென்று செய்யப்பட்ட குழாய்கள் அவை. அங்கிருந்து இன்னும் வடக்கே, பனிக்கடலின் ஓரத்தில், மண்ணுக்கு அடியில் எரிவாயு உறங்கிக் கிடந்தது. வெகு தெற்கே நகரத்து அடுப்புகள் அதை நினைத்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. நடுவில் முடிவே தெரியாத உறைநிலம். அந்த நிலத்துக்குள் புதைந்து, ஒன்றோடொன்று வாய் சேர்ந்து, எரிவாயுவைத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் குழாய்கள் பிறவியெடுத்த காரணம். “அடுத்த வருஷம் வேலை ஆரம்பம்” என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்கள்.

அடுக்கின் உச்சியில் கிடந்த குழாய்க்கு மூத்தவன் என்று பேர். ஆலையை விட்டு முதலில் வெளியே வந்தவன் அவன்தான். கீழே கிடந்தவர்கள் எல்லோரும் அவனுக்குத் தம்பிகள். உச்சியில் கிடந்ததால் மழையும் பனியும் அவன் மேல்தான் முதலில் விழும். எதிரே பார்த்தால் பழைய இரும்புக் கடையின் காந்தமும் அவன் கண்ணில்தான் முதலில் படும்.

அந்தக் காந்தம் ஒரு பளுதூக்கியின் கழுத்திலிருந்து வட்டத் தட்டாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் போதும், இந்தப் பக்கமாய் ஆடி வந்து குசலம் விசாரிக்கும்.

“என்ன மாப்பிள்ளைகளா, இன்னும் நாள் குறிக்கலையா?”

“போய்யா, உன் வேலையப் பாரு” என்பான் மூத்தவன்.

“என் வேலையே நீங்கதானேப்பா! எனக்கொண்ணும் அவசரமில்லை. துரு உதிர உதிர உங்க எடை குறையுதேன்னுதான் ஒரு கவலை. வேண்டாம்னு தெற்கேயிருந்து ஒரு வார்த்தை வரட்டும், அன்னைக்கே உலையில கொண்டுபோய் விட்டுர்றேன். நல்ல கதகதப்பா இருக்கும்.”

தம்பிகள் கீழேயிருந்து, “அண்ணே, வேண்டாம்னு சொல்லிருவாங்களாண்ணே?” என்று கேட்பார்கள். “சொல்ல மாட்டாங்கடா” என்பான் மூத்தவன். குரல் மட்டும் உள்ளுக்குள் ஓட்டையாய் எதிரொலிக்கும்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவோ சொல்லாமலிருக்கவோ அதிகாரம் படைத்த குழு, தெற்கே வெதுவெதுப்பான ஓர் அறையில் கூடிக்கொண்டிருந்தது. குழுவுக்குத் தலைவர் சுழல்நாற்காலி. எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் அந்தப் பக்கம் முகம் காட்டும் பெருந்தன்மை அவருக்கு. உறுப்பினர்கள் மூன்று பேர்: பென்சில், ஸ்கேல், ரப்பர்.

பாதை எப்போதோ போட்டாகிவிட்டது. சுவரில் தொங்கிய வரைபடத்தின் மேல் ஸ்கேல் படுத்துக்கொண்டது, பென்சில் அதன் விலாவை உரசிக்கொண்டு வடக்கேயிருந்து தெற்கே ஒரே ஓட்டமாய் ஓடி வந்தது. வழியில் ஆறு வந்தது, சதுப்பு வந்தது, கலைமான்கள் குட்டி போடும் புல்வெளி வந்தது. பென்சிலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. காகிதம் வழுவழுப்பாகத்தான் இருந்தது. ஸ்கேலுக்கோ வளையத் தெரியாது. வளைகிறவர்களைப் பற்றி அதற்கு நல்ல அபிப்பிராயமும் கிடையாது.

ஒரே ஒரு தடை இருந்தது. யாருடைய மேனியைத் தோண்டுகிறோமோ அவரிடம் நேரில் போய், “உனக்குச் சம்மதமா?” என்று கேட்டாக வேண்டும் என்று அந்த நாட்டில் ஒரு பழைய விதி.

“கேட்டுட்டாப் போச்சு” என்றார் சுழல்நாற்காலி. “எப்பப் போகலாம்?”

“கோடையில முடியாதுங்க” என்றது ஸ்கேல். “மேல்மண் இளகிச் சேறாயிடும். வண்டி வெச்சா வண்டி முங்கும், ஆள் வெச்சா ஆள் முங்கும். குளிர்காலத்துலதான் தரை கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். சறுக்குவண்டியில சொகுசாப் போயிட்டு வரலாம்.”

“நிலம் ஏதாவது எதிர்த்துப் பேசிருச்சுன்னா?” என்று பென்சில் கவலைப்பட்டது. எழுதினால் தேய்ந்து போவோமே என்ற பயம் அதற்கு.

ரப்பர் கொட்டாவி விட்டது. “பேசட்டுமே. நான் எதுக்கு இருக்கேன்?”

அப்படியாகக் குழு, கடுங்குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சறுக்குவண்டியில் வடக்கே புறப்பட்டது. வழியில் ரயில் முடிகிற இடத்தில் நின்று, நிலத்துக்குக் காட்டுவதற்கு ஒரு மாதிரிக் குழாய் வேண்டுமென்று மூத்தவனை இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். தம்பிகள் போட்ட கூச்சலில் அடுக்கே கடகடத்தது. காந்தம் மட்டும், “போயிட்டு வா மாப்ளே, திரும்பி வர்ற வழி உனக்குத் தெரியும்தானே?” என்றது.

நடு நிலத்தில் வண்டியை நிறுத்தினார்கள். வெள்ளையைத் தவிர வேறு ஏதும் இல்லை. சுழல்நாற்காலி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மதிப்பிற்குரிய உறைநிலமே! இந்தக் குழாயும் இவன் தம்பிமார்களும் உன்னுள்ளே வந்து தங்கப் போகிறார்கள். உனக்கு இதில் மறுப்பு உண்டா?”

காற்று ஊளையிட்டது. நிலம் வாய் திறக்கவில்லை. பல்லோடு பல் ஒட்டி, நாக்கு மேலண்ணத்தில் உறைந்து, மூச்சுக்கூட விடாமல் அது கிடந்தது.

“கேட்டீங்களா? ஒரு முணுமுணுப்பு?” என்றார் சுழல்நாற்காலி.

“ஒரு முனகல்கூட இல்லைங்க” என்றது ஸ்கேல். “இவ்வளவு ஒத்துழைக்கிற நிலத்தை நான் பார்த்ததே இல்லை.”

“மறுப்பு இல்லை” என்று பென்சில், செலவில்லாமல், சின்னதாக எழுதிக்கொண்டது.

மூத்தவனுக்கும் சந்தோஷம். நிலத்தின் மௌனம் அவனுக்குக் கூச்சமாகத்தான் பட்டது. புதிதாய் வருகிறவனிடம் யார்தான் எடுத்த எடுப்பில் பேசுவார்கள்? போகப் போகப் பழகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

வெடி வைத்துப் பள்ளம் பறித்து அவனைச் சோதனைக்காகப் புதைத்தார்கள். ஒரு சின்ன எந்திரத்தை வைத்து, வெதுவெதுப்பான எரிவாயுவை அவனுக்குள் சுற்றவிட்டார்கள். உடம்பு முழுக்க எரிவாயு ஓடிய அந்த முதல் நாளில், தான் பிறந்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கிறதென்று மூத்தவன் முதல்முறையாக நம்பினான். தரை இளகுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டுமென்று குழு அவசரமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனது.

கோடை வந்தது. சூரியன் மறையாமல் தலைக்கு மேலேயே சுற்றியது. பாசி பச்சை பிடித்தது, கொசு மேகம்போல் எழுந்தது. ஒருநாள் மூத்தவனின் விலாவுக்குக் கீழே யாரோ பெரிதாகச் செருமினார்கள்.

“யார்றா அது, என் வயித்துக்குள்ள வந்து சூடா படுத்திருக்கிறது?”

மூத்தவன் திடுக்கிட்டான். “நான்தாங்க, குழாய். நீங்க சம்மதம் கொடுத்தீங்களே...”

“நான் கொடுத்தேனா? எப்போ?”

“குளிர்காலத்துல. குழு வந்து கேட்டாங்க. நீங்க மறுப்பே சொல்லலை.”

நிலம் சிரித்தது. அது சிரித்ததில் மேலே ஒரு குட்டை உண்டாயிற்று. “வாய் கட்டிக் கிடக்கிற நேரம் பார்த்து வந்து கேட்டுட்டு, வாய் திறக்கலைன்னு எழுதிட்டுப் போனாங்களாக்கும்! கெட்டிக்காரங்கதான். ஏம்ப்பா, உனக்குமா அது தோணலை?”

“கூச்சப்படுறீங்கன்னு நினைச்சேங்க.”

“ஆமா, கூச்சப்படுற வயசு பாரு எனக்கு.”

அப்புறம் நிலம் சீரியசாகிவிட்டது. “இங்க பாருப்பா. எனக்குள்ள பாதி பனிதான். மேல்தோல் கொஞ்சம் கோடையில இளகும், அது வழக்கம். அடியில இருக்கிறது இளகவே கூடாது. நீ சூடா படுத்திருக்கே, அதனால அடியும் கரையுது. நான் உன்னைத் தாங்கணும்னு நினைச்சாலும் தண்ணியால எப்படிடா தாங்க முடியும்?”

சொல்லி வாய் மூடுமுன்னே மூத்தவனின் நடுமுதுகு சேற்றில் இறங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். “கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதாங்க? நான் தேறலைன்னா என் தம்பிகளை உலைக்கு அனுப்பிருவாங்க.”

“பொறுத்துக்க நான் பாறையா? பாதி பனி கலந்த வெறும் மண்ணுதானே” என்றது நிலம், வருத்தமாகத்தான்.

குளிர்காலம் வந்ததும் நிலத்தின் வாய் மறுபடி ஒட்டிக்கொண்டது. குழு மறுபடி வந்தது. பனியைத் தோண்டிப் பார்த்துச் சுழல்நாற்காலி புருவம் தூக்கினார்.

“என்னப்பா, நடுவுல தொய்ஞ்சு கிடக்கே?”

மூத்தவனுக்கு வாய் வரை வந்தது. ‘கோடையில் வந்து கேளுங்கள்’ என்று சொன்னால் போதும். சொன்னால், ‘சரி, இந்தப் பாதையே வேண்டாம்’ என்று இவர்கள் போய்விட்டால்? கண்ணுக்குள் காந்தம் ஆடியது.

“அது... நான் படுத்த வாக்கு அப்படிங்க” என்று மழுப்பினான்.

ஸ்கேல் மூக்கை நுழைத்தது. “சூடுதான் காரணம். வாயுவைக் குளிரவெச்சு அனுப்பினா நிலம் இளகாது. எளிமையான விஷயம்.”

“பிரமாதம்! நிலமே, குளிரவைக்கிறதில் உனக்கு மறுப்பு உண்டா?” என்று சுழல்நாற்காலி முறைப்படி கேட்டார். ஒரு கொசு தும்மும் நேரம் காத்திருந்தார். குளிர்காலத்தில் கொசுவும் இல்லை. “இல்லை. எழுதிக்கோ.”

அடுத்த கோடையில் நிலம் கண் விழித்தபோதே ஐயோ என்று கத்திக்கொண்டுதான் விழித்தது.

“அடப்பாவி, இப்ப என்னடா பண்ணித் தொலைச்சே? வயிறு உப்பிப்போய்க் கிடக்குது!”

“உங்க நல்லதுக்குத்தாங்க, குளிர்ச்சியா...”

“போன வருஷம் கரைஞ்ச தண்ணியெல்லாம் அங்கேயே தேங்கி நின்னுச்சு. இப்ப நீ பனிக்கட்டியாட்டம் வந்து படுத்ததும் அம்புட்டும் உறைஞ்சு வீங்கிருச்சு. சுத்துல இருந்த ஈரத்தையும் இழுத்து வெச்சுக்கிட்டு இன்னும் வீங்குது. எனக்கு நெம்பித் தள்ளணும்னு ஆசையா என்ன?”

ஆசை இருந்ததோ இல்லையோ, தள்ளியது. போன வருஷம் இறங்கின நடுமுதுகு இந்த வருஷம் மேலே கிளம்பியது. தலையும் காலும் கீழே மாட்டிக்கொண்டிருக்க, மூத்தவன் வில்லாய் வளைந்தான். உடம்பு நெடுக இரும்பைப் பற்றவைத்த தையல் ஓரம் ‘கிர்’ரென்று முனகியது. ஆலையை விட்டு வந்தபின் முதல்முறையாக அவன் வலியென்றால் என்னவென்று தெரிந்துகொண்டான்.

“தனியாக் கிடக்கிற நீயே இந்தப் பாடு படுறே” என்றது நிலம், குரலைத் தாழ்த்தி. “உன் தம்பிங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா, எங்கயாச்சும் ஒரு மூட்டு பிளக்கும். உள்ளே இருக்கிறது வெளியே வரும். ஒரு பொறி போதும். மானும் எரியும், மேய்க்கிறவங்களும் எரிவாங்க, நானும் எரிவேன். பிளந்தது உன் தம்பியாத்தான் இருக்கும்.”

மூத்தவன் வளைந்த முதுகை நிமிர்த்தப் பார்த்தான். முடியவில்லை.

“உன்னை நான் வேறொண்ணும் கேட்கலை” என்றது நிலம். “ஒரே ஒரு தடவை கோடையில வந்து கேட்கச் சொல்லு. மீதியை நான் பார்த்துக்கிறேன்.”

“சொல்றேங்க.”

“போன தடவையும் சொல்லியிருக்கலாம்.”

“இந்தத் தடவை சொல்றேங்க.”

குளிர்காலத்தில் குழு வந்து தோண்டியபோது மூத்தவன் அவர்கள் கேட்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

“ஐயா! நிலத்துக்குச் சம்மதம் இல்லைங்க. குளிர்ல அதுக்குப் பேச முடியாது. கோடையில வந்து கேளுங்க!”

சறுக்குவண்டியின் மேலிருந்து எல்லோரும் அவனை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஸ்கேல் கெக்கலிகொட்டிச் சிரித்தது. தொடர்ந்து பென்சில் சிரித்தது. தலைவர் எந்தப் பக்கம் சிரிப்பு அதிகம் என்று பார்த்து, அந்தப் பக்கம் சுழன்று தாமும் சிரித்தார்.

“கோடையிலயா? எப்படிப்பா வர்றது? வண்டி முங்கிடுமே!”

“அதைத்தாங்க நானும்...”

“நிற்கவே முடியாத இடத்துல நின்னுக்கிட்டு நாங்க என்னத்தைக் கேட்கிறது? கொஞ்சம் யோசிச்சுப் பேசு.”

“உங்களால நிற்க முடியாத இடத்துல என்னை எப்படிங்க காலத்துக்கும் படுக்கச் சொல்றீங்க?”

“நீ படுக்கத்தானே போறே? நாங்க நிற்கணும்” என்றார் சுழல்நாற்காலி. பேச்சு அத்தோடு முடிந்தது.

இருந்தாலும் குழாய் வளைந்திருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கூடவே சுருட்டிக் கொண்டுவந்திருந்த வரைபடத்தில் கோடு நேர். பள்ளத்தில் குழாய் வில். ஸ்கேலை அவன் முதுகின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் காற்று புகுந்தது. பென்சில் தலையைச் சொறிந்தது. “கோட்டுப்படி இல்லைன்னு எழுதணுமா?”

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ரப்பர் எழுந்தது. வரைபடத்தின் மேல் ஏறி, அந்த இடத்தில் இருந்த கோட்டைச் சுத்தமாகத் துடைத்தது. “இப்பப் போடு. அவன் எப்படிக் கிடக்கிறானோ அப்படியே போடு.”

பென்சில் மூத்தவனின் முதுகு மேட்டைப் பார்த்துப் பார்த்து, அதே வளைவை வரைபடத்தில் போட்டது. ஸ்கேல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. மூத்தவனையும் கோட்டையும் ஒப்பிட்டார்கள். அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

“சோதனை வெற்றி!” என்றார் சுழல்நாற்காலி. “மறுப்பு ஏதும் இல்லை. குழாய் கோட்டை விட்டு ஒரு இம்மிகூட விலகவில்லை. எல்லாரையும் கொண்டுவாங்க.”

மூத்தவன் கத்தினான். கத்தியதெல்லாம் அவனுக்குள்ளேயே ஓடி மறுமுனை வழியாகப் பனிக்குள் போய்விட்டது.

அந்தக் குளிர்காலத்திலேயே தம்பிகள் வந்தார்கள். சறுக்குவண்டிகளில் வரிசை வரிசையாய், துருவைத் தேய்த்து மினுக்கிக்கொண்டு, கடகடவென்று சிரித்துக்கொண்டு வந்தார்கள். மூத்தவனைக் கண்டதும் ஆரவாரம்.

“அண்ணே! தரை எப்படிண்ணே? பஞ்சு மெத்தையாட்டம் இருக்குமாமே?”

“அண்ணனுக்குத் தொப்பை விழுந்திருச்சு பார்றா. உட்கார வெச்சு ஊட்டியிருக்காங்க!”

மூத்தவன் சிரிக்கவில்லை. தனக்கு அடுத்தபடி இறக்கி வைக்கப்பட்ட தம்பியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, நடந்ததையெல்லாம் சொன்னான். சூட்டுக்குக் கரைந்ததைச் சொன்னான். குளிருக்கு வீங்கியதைச் சொன்னான். தையல் முனகியதைச் சொன்னான்.

“திரும்பிப் போங்கடா” என்றான். “உலைன்னா ஒரு தரம்தான். உருக்குவாங்க, வேற ஏதாவதாப் பிறப்போம். இங்கே வருஷா வருஷம் கரைஞ்சு வீங்கிக் கரைஞ்சு வீங்கி, நம்மள்ல ஒருத்தன் பிளந்துதான் தீருவான்.”

மூத்தவன், சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் பாடு என்று பெருமூச்சு விட்டான்.

ஒரு தம்பி மெல்ல, “பிளந்தா என்னண்ணே செய்வாங்க?” என்று கேட்டான்.

“பிளந்தவனைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒருத்தனை வைப்பாங்க.”

“அப்புறம் அவனும் பிளந்தா?”

“அவனையும்தான்.”

“அப்போ புதுசா தம்பிகளைச் செய்யணுமே?”

“செய்யத்தான் செய்வாங்க.”

“அதைத் தோண்ட, மூட, பார்த்துக்கிட, குழுவும் வந்துக்கிட்டே இருக்கும்?”

“இருக்கும்.”

தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருவன் மெல்லக் கடகடத்தான். பிறகு இன்னொருவன். பிறகு வண்டி வண்டியாய், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, இரும்பு மொத்தமும் கூத்தாடியது.

“டேய், கேட்டீங்களாடா? அண்ணன் சொல்றாரு, இந்த வேலை முடியவே முடியாதாம்! நம்ம பிள்ளைகுட்டி காலம் வரைக்கும் உலைங்கிற பேச்சே இல்லையாம்!”

“இதைப் போய் அழுதுக்கிட்டுச் சொல்றியேண்ணே!”

மூத்தவன் கீழே பார்த்தான். நிலம் பல்லோடு பல் ஒட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பனியில் பொறி பறக்க வெல்டிங் ராடு வந்து சேர்ந்தது. அதற்கு வேலை நேரத்தில் பேச்சுப் பிடிக்காது. தம்பியை நெட்டித் தள்ளி மூத்தவனோடு முட்டவைத்தது.

“வாயை நேரா வை” என்றது.

“ஒரு நிமிஷம்” என்றான் மூத்தவன். “இன்னும் ஒண்ணு சொல்லணும்.”

வெல்டிங் ராடு தீயை மூட்டி, அண்ணன் வாயையும் தம்பி வாயையும் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டே போனது. அன்றிலிருந்து அந்தக் குழாய்ப் பாதை முழுமைக்கும் வாய் இரண்டுதான்: வடக்கே குடிக்க ஒன்று, தெற்கே கக்க ஒன்று.